ஒன்பது வேலையும் முடிந்த நாள்

பிள்ளைப்பாக்கத்தில் ராஜசேகர் வீட்டின் பின்னறையில் ஒரு காலத்தில் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு அடுக்குவதற்கு நெல் இல்லை. காலியாகக் கிடந்த அந்த அறையில் அவன் மனைவி சசிரேகா முதலில் ஒரு தையல் மிஷினைக் கொண்டுபோய்ப் போட்டாள். அப்புறம் ஒரு பாய். அப்புறம் ஒரு டியூப் லைட். அதற்கப்புறம் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு உட்காரப் பழகிவிட்டாள்.

சசிரேகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். ஆள் உயரப் பலகை ஒன்று நகர்ந்து வந்து அவள் முன்னால் நிற்கும். அதிலுள்ள கொக்கிகளில் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமான ஒயர்களை வளைத்து மாட்டி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். எண்பது நொடிதான் கணக்கு. மூச்சு விடுவதற்குள் அடுத்த பலகை வந்துவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு பலகையைக்கூட அவள் முடிக்காமல் விட்டதில்லை. சூப்பர்வைசர் இராமச்சந்திரன் புதிதாக லைனுக்கு வரும் பெண்களை அவள் பக்கத்தில்தான் ஒரு வாரம் நிற்க வைப்பார்.

வீட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். வீட்டில் அவள் தொட்ட வேலை எதுவும் முடிந்ததில்லை.

தம்பி இனியவன் ஓசூரில் வேலையில் இருந்தபோது, அங்கே குளிர் தாங்கவில்லை என்று சொன்னானே என்று பச்சை உல்லன் நூலில் அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். உடம்பும் ஒரு கையும் முடிந்த சமயத்தில் அவனுக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டது. துபாயில் ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ஒற்றைக் கையோடு அது நின்றுபோனது. மகள் சத்யப்பிரியாவுக்கு நாலு வயதில் தைக்கத் தொடங்கிய சுருக்குத் தையல் கவுனுக்கு இன்னும் முதுகுப்பக்கம் வரவில்லை. மகள் இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள். ஒரு தோளில் மட்டும் ஆரி வேலை செய்த மெரூன் ஜாக்கெட் ஒன்று. கைப்பிடி இல்லாத ஒயர் கூடை ஒன்று. கிளி மட்டும் வந்து கிளை வராத குரோஷா திரை. பழைய யூனிபார்ம் துணிகளை வெட்டிச் சேர்த்துத் தைக்கும் போர்வை ஒன்று. அதில் அவள் வேலை பார்த்த மூன்று கம்பெனிகளின் நிறமும் இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட அவளுக்கு உயிராக இருந்தது ஒரு துண்டு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தக்ளியை வைத்துப் பஞ்சிலிருந்து அவளே நூல் நூற்றாள். பார்சல் வரும் மரப்பலகையை அறுத்து ஒரு சட்டம் செய்து, ஆணி அடித்து, அதில் நீளவாக்கில் பாவு நூல் இழுத்துக் கட்டி, நூற்ற நூலாலேயே துண்டு நெய்துகொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் அதிகம்.

சோம்பலால் அப்படி விட்டு வைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு ஒவ்வொரு மனநிலைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. லைனில் யாரோடாவது முட்டிக்கொண்டு வந்தால் தக்ளி. உடம்பு அசந்த நாளில் ஒயர் கூடை, அதற்கு யோசிக்கவே வேண்டாம். மகள் போன் பண்ணாத ஞாயிற்றுக்கிழமைகளில் கவுன். எதையும் முடித்தே ஆகவேண்டும் என்று அங்கே யாரும் அவளை விரட்டவில்லை.

ராஜசேகர் கெட்டவன் இல்லை. ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினான். நிலத்துக்கு வந்த பணத்தில் வீட்டை ஒட்டி வரிசையாக ஆறு அறை கட்டி, தொழிற்சாலை வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். ஆறும் நிரம்பிவிட்டன. கேட்டு வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இனியவன் லீவில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பின்னறையையும் விட்டுவிடலாமே என்று ராஜசேகர் பேச்சை எடுத்தான். நூலும் கந்தலும் கிடப்பதற்கு ஒரு அறையா என்று கேட்டான்.

சசிரேகா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கையில கீற வேலையெல்லாம் முடியட்டும். முடிஞ்ச அன்னிக்கு நானே சாவிய தரேன்."

"நீதான்டா சாட்சி" என்று மைத்துனனிடம் சொல்லிச் சிரித்தான் ராஜசேகர். அவனும் தலையாட்டினான்.

அப்போது அவள் கையில் இருந்தது ஐந்து வேலை. சொன்னபோது அவளுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. வேலை முடியாதவரை அறை அவளுடையது. அதற்கப்புறம் ஒன்று முடிகிற மாதிரி வந்தால் அதை மடித்து வைத்துவிட்டு வேறொன்றை ஆரம்பித்தாள். ஐந்து ஒன்பதாயிற்று. ராஜசேகர் எப்போதாவது இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்பான். ஏதோ ஒரு எண் சொல்வாள். அவனும் மறந்துவிடுவான்.

இந்த ரகசியம் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். கங்கா.

கங்கா அவளைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நேராகப் பின்னறைக்கு வந்துவிடுவாள். நூல்கண்டு சுற்றித் தருவாள். ஊசி பிடிக்கவும் கற்றுக்கொண்டாள். கங்காவின் புருஷன் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயத்தில் அவள் அழுததெல்லாம் அந்தப் பாயில்தான். சசிரேகாவும் அவளிடம் எதையும் மறைத்ததில்லை.

ஒருநாள் மழையில் ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் புதுக் கார்களை ஏற்றிய நீளமான லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு நகராது என்று டிரைவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் சசிரேகா அறை விஷயத்தைச் சொன்னாள். கங்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எல்லாரும் வேலையை முடித்துவிட்டுக் கூலி கேட்பார்கள், நீ முடிக்காமலே வாங்கிவிட்டாயே என்றாள். பிறகு அவள் தொடையில் தட்டி, இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவளாகவே சொன்னாள். சசிரேகா அந்த வாக்கைக் கேட்டு வாங்கவில்லை.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் கம்பெனி சசிரேகாவைப் புனேவுக்கு அனுப்பியது. அங்கே உள்ள பிளான்ட்டில் புது லைன் ஒன்றைப் பழகிவந்து இங்கே சொல்லித்தர வேண்டும். பதினெட்டு நாள். முதல் முறையாக விமானப் பயணம். ஊரே வந்து விசாரித்தது. கங்கா இரண்டு நாள் கூடவே இருந்து பெட்டி அடுக்கினாள். கிளம்பும்போது சசிரேகாதான் பின்னறைச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஏரிப் பக்கத்து ஈரத்துக்கு உல்லனில் பூச்சி விழும், நடுவில் ஒருநாள் எல்லாவற்றையும் வெயிலில் போட்டு எடுக்கச் சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போய் வா என்றாள் கங்கா.

புனேயில் தனியாக இருந்த சசிரேகாவுக்குச் சாயங்காலமானால் கங்காவின் போன்தான் துணை. பாஷை தெரியாத இடம், சாப்பாடும் பிடிக்கவில்லை. கங்கா தினமும் கூப்பிட்டாள். நாலாவது நாள் பச்சை உல்லனின் மீதி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, மிஷினுக்குக் கீழே என்றாள் சசிரேகா. அதற்கு மறுநாள் ஸ்வெட்டர் கையை எத்தனை வரிசைக்கு ஒருமுறை குறைக்க வேண்டும் என்று கேட்டாள். சும்மா தெரிந்துகொள்ளத்தான், அக்கா மகனுக்கு ஒன்று போடலாம் என்றிருக்கிறேன் என்றாள். சசிரேகாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆறு வரிசைக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கண்ணி என்று ஆரம்பித்து, மணிக்கட்டுப் பட்டி வரைக்கும் அரை மணி நேரம் விளக்கினாள். ஜாக்கெட்டின் கண்ணாடி மணி எங்கே வாங்கினாய், கிளிக்குக் கிளை எப்படி வரும் என்று கங்கா ஒவ்வொரு நாளும் ஒன்று கேட்டாள். சசிரேகா ஒவ்வொரு நாளும் சொன்னாள்.

திரும்பி வந்த அன்று கம்பெனி கார் அவளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டு வாசலில் இறக்கிவிட்டது. ராஜசேகர் வேனுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வா என்றான். அவள் மூடவில்லை.

ஹாலில் ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குக் கயிறு கட்டியிருந்தது. அதில் அவளுடைய ஒன்பது வேலையும் வரிசையாகத் தொங்கின. பச்சை ஸ்வெட்டருக்கு இரண்டு கையும் இருந்தது. கவுனுக்கு முதுகு இருந்தது, மூன்று பொத்தான்களும் இருந்தன. கிளி ஒரு கிளைமேல் உட்கார்ந்திருந்தது.

சசிரேகா ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தாள். அவள் நூலைத் தளர விட்டுப் போடுகிறவள். கங்கா இறுக்கிப் பிடித்து இழுப்பாள். அதற்காக அவளை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இடது கை மெத்தென்று இருந்தது. வலது கை விறைப்பாக, கண்ணிகள் நெருங்கி, ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது. யார் போட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் சின்னதாக ஒன்று தொங்கியது. முதலில் அது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. கைக்குட்டை அளவு, நாலு பக்கமும் முடிச்சு. அப்புறம்தான் தெரிந்தது. பாவு நூலைக் கத்தரியால் நறுக்கி, சட்டத்திலிருந்து துண்டை எடுத்திருக்கிறார்கள். மூன்று முழத்துக்கு இழுத்துக் கட்டிய பாவு. நெய்தது இரண்டு சாண். மீதி நூலெல்லாம் போர்வையின் விளிம்பில் தையலாக ஓடியிருந்தது. அவள் நூற்ற நூல்தான், அவளுக்குத் தெரியாதா.

ராஜசேகர் சிரித்துக்கொண்டு நின்றான். "நீ சொன்ன வார்த்ததான். இனியவன் சாட்சி. ஒம்போதும் முடிஞ்சிடுச்சி. சாவி மட்டும்தான் நீ வர்றதுக்குள்ள வாங்க வேண்டியதா போச்சி" என்றான்.

அவள் பின்பக்கம் நடந்தாள். அறை வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு. நாதாங்கியில் புதுப் பூட்டு ஒன்று திறந்தபடி தொங்கியது. தண்ணீர்த் தொட்டியோரம் அவளுடைய மரச்சட்டம் சாய்ந்திருந்தது. ஆணிகளில் ஈரச் சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டலாமா என்று அவள் யோசித்தாள். தன் அறைக் கதவை அவள் ஒருநாளும் தட்டியதில்லை.

தட்டுவதற்குள் கதவு திறந்தது. இருபது வயதுப் பெண், ஒல்லியாக, தலைக்குக் குளித்த ஈரத்தோடு நின்றாள். பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டு முகம் மலரச் சிரித்தாள். உள்ளே வாங்க ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். தன் பெயர் தென்றல் என்றாள். கங்கா அவளுக்குப் பெரியம்மா. வந்தவாசிப் பக்கம் ஊர். இங்கே போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள், ஹாஸ்டலில் ஒரு அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள், ஷிப்ட் முடிந்து வந்தால் படுக்க இடமிருக்காது, பெரியம்மா வீட்டிலும் இடமில்லை. இப்போது கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு இங்கே வந்துவிட்டதில் அம்மாவுக்குத்தான் நிம்மதி என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி தேங்க்ஸ் சொல்லணும். வேலையெல்லாம் முடிஞ்சா ரூம் குடுக்கறேன்னு நீங்க சொல்லியிருக்கறதா பெரியம்மா சொன்னாங்க. அதான் நாங்க மூணு பேரும் லீவு நாள்ல உக்காந்து ஹெல்ப் பண்ணோம். அந்தக் கிளை நான் போட்டதுதான். நல்லா வந்துகீதா?"

நன்றாக வந்திருக்கிறது என்று சசிரேகா சொன்னாள். வேறென்ன சொல்வாள்? அந்தப் பெண்ணின் முகத்தில் சூது வாது எதுவும் இல்லை. சுவரில் அவள் மிஷின் நின்ற இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது.

அதுவரைக்கும்கூட அவள் மனம் கங்காவை விட்டுக் கொடுக்கவில்லை. தங்கை மகளுக்கு இடமில்லை என்று ராஜசேகரிடம் சொல்லியிருப்பாள், அவன்தான் இப்படி ஒரு யோசனையைக் கொடுத்து அவளை இழுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். போன் போட்டாள். கங்கா எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

சாயங்காலம் ராஜசேகர் காபியை ஆற்றிக்கொண்டே தானாகவே பேச்சை எடுத்தான். கோபமாகப் பேசவில்லை. மனசு புண்பட்டவன் போலப் பேசினான்.

"நாலு வருசமா என்னை ஏமாத்திக்கினு இருந்திருக்க, சசி. வேணும்னே முடிக்காம வெச்சிகினு இருந்தியாமே. கங்கா வந்து சொல்லலன்னா எனக்கு எங்க தெரியப் போவுது. ரூம் வேணும்னா வேணும்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல? நான் இன்னா புலியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவனை அவள் ஏமாற்றத்தான் செய்தாள். ஆனால் அவன் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுதான் அவள் காதில் நின்றது. கங்கா வந்து சொன்னாள். யாரும் கேட்காமல், வந்து சொன்னாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. நடந்ததையெல்லாம் யாரிடமாவது உட்கார்ந்து சொல்லித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. அப்படிச் சொல்ல அவளுக்கு இருந்தது கங்கா ஒருத்திதான். கை தானாக அவள் நம்பருக்குப் போவதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் வருகிற முனையில் கங்கா முன்னாலேயே வந்து நின்றாள். கையில் வல்லக்கோட்டை முருகன் கோயில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. நேற்று கோயிலுக்குப் போயிருந்ததால் போனை எடுக்க முடியவில்லை என்றாள். சசிரேகா கை நீட்டவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிற மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி டீக்கடை ஓரம் நின்றிருந்தார்கள்.

"நீதான் சொன்னியாக்கா?"

கங்கா பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. ஆமாம் என்றாள். தென்றல் ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையில் தையல் போட்ட கதையைச் சொன்னாள். தங்கை தினமும் போனில் அழுதாளாம். ராஜசேகரிடம் கேட்டதற்கு, சசி வேலை முடியட்டும் என்று அவன் கையை விரித்தானாம்.

"அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினு நான் எப்படி சும்மா இருக்கறது? ஒரு வயசுப் பொண்ணு படுக்க எடமில்லாம கீது. அங்க உன் நூலு மெத்த மாதிரி படுத்துகினு கீது. நீயே சொல்லு, எது பெருசு?"

"என்னக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

சசிரேகா யோசித்தாள். கொடுத்திருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அது நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை. கொடுத்திருக்கலாம். அழுதுவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். இனி அது எப்போதும் தெரியப்போவதில்லை.

"தெரியலக்கா" என்றாள். "ஆனா தினமும் போன் பண்ண. கை எப்படி குறைக்கறதுன்னு கேட்ட. நான் அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தேன். அப்ப கூடவா உனக்கு ஒண்ணும் தோணல?"

கங்கா முதல் முறையாகத் தலை குனிந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது.

சசிரேகா முன்பக்கம் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில் போய் உட்கார்ந்தாள். கங்கா வழக்கமான இடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ் தண்டலம் தாண்டியதும் வேறொரு பெண் வந்து இடம் கேட்டாள். கங்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று லைனில் சசிரேகாவுக்குப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பலகை நின்றது. மஞ்சள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். லைன் விளக்கு சிவப்பானது. இராமச்சந்திரன் ஓடி வந்து, புனேயில் ஒழுங்காகத் தூங்கவில்லையா அம்மா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்றல் வந்து வாசலில் தயங்கி நின்றாள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். முகம் செத்துப்போயிருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது ஆன்ட்டி, வேறு இடம் பார்த்துக்கொண்டு காலி பண்ணிவிடுகிறோம் என்றாள். சசிரேகா அவளை உட்கார வைத்து, காலி பண்ண வேண்டாம் என்று சொன்னாள். தாராளமாக இரு என்றாள். அதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு வருத்தமே இல்லை. சொல்லப்போனால் அந்த அறையில் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்பது நல்ல விஷயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அந்த நல்ல விஷயத்தை அவளே செய்திருக்கக்கூடும் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதைக்கூட அவள் கையிலிருந்து பிடுங்கி அவர்களே முடித்துவிட்டார்கள்.

கயிற்றில் தொங்கியவற்றை அவள் தானே இறக்கினாள். ஸ்வெட்டரை இரவுக் காவல் வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தசரதனுக்குக் கொடுத்தாள். திரையைத் தென்றலிடமே கொடுத்தாள். ஜாக்கெட், கூடை, போர்வை, கவுன் எல்லாம் ஒவ்வொருவர் கைக்குப் போயின. இரண்டு சாண் துண்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை எங்கே வைத்தாள் என்று ராஜசேகருக்கும் தெரியாது.

மாசி பிறந்து பத்து நாள் கழித்து, கீழ்த்தெருவில் வரிசை வீடு வைத்திருக்கும் நயினாரிடம் போய் ஒரு அறை வேண்டும் என்று கேட்டாள். அவர் பெரியவர், நாற்காலியை எடுத்துப் போட்டார். கம்பெனியிலிருந்து யாராவது வெளியூர்ப் பெண் வருகிறாளா, எத்தனை பேர் தங்குவார்கள் என்று விசாரித்தார்.

"நான்தான் சித்தப்பா. ஒரு ஆளு" என்றாள் சசிரேகா.

அவருக்குப் புரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறா என்று மெதுவாகக் கேட்டார். தகராறு ஒன்றுமில்லை, படுக்கை சாப்பாடெல்லாம் வீட்டில்தான், வேலை விட்டு வந்தால் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு இடம் வேண்டும் என்றாள். நயினார் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு கடைசியிலிருந்த அறையைத் திறந்து காட்டினார். பத்துக்குப் பத்து. மேலே ஷீட். ஜன்னலைத் திறந்தால் கம்பெனி மதில்.

ஊருக்கு இதைவிட வேறு பேச்சு வேண்டுமா? ஆறு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவன் பெண்டாட்டி அடுத்தவன் அறையில் வாடகைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று டீக்கடை வரைக்கும் சிரித்தார்கள். ராஜசேகர் ஒருநாள் வேன் சாவியை மேஜையில் எறிந்துவிட்டுக் கேட்டான்: "இன்னா சசி இது? எனக்கு வெளிய தல காட்ட முடியல. மாடியில உனக்கு ஒரு ரூமு போட்டுத் தரேன். இன்னிக்கே மேஸ்திரிய வரச் சொல்றேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அவளும் கோபமில்லாமல்தான் பதில் சொன்னாள். "வேணாம். நீங்க குடுத்தா நாளைக்கு வேற யாருக்காவது வேணும்னு வரும். உங்க மேல தப்பு சொல்லல. நானும் உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும். இப்ப நேரா சொல்றேன், எனக்கு அந்த ரூமு வேணும்."

அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அவளுக்கு லேட்டானால் தானே சோறு வடித்து வைத்தான்.

கங்கா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். ஒரு தடவை அவளே கீழ்த்தெரு வரைக்கும் வந்தாள். திறந்திருந்த கதவருகே நின்று, நான் பண்ணது தப்புதான் சசி என்றாள். சசிரேகா அவளை உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். கங்கா நின்றபடியே குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தென்றலுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஒரு சேதியைச் சொன்னாள். சந்தோஷம் என்றாள் சசிரேகா. அந்த வார்த்தை நிஜம்தான். கங்கா தெருமுனை திரும்பும் வரைக்கும் சசிரேகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது அறையில் முதல் ஒரு மாதம் அவள் எதுவும் செய்யவில்லை. மிஷினை மூடியே வைத்திருந்தாள். பாயில் உட்கார்ந்து கம்பெனி மதிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கை பரபரக்கும். நூலை எடுத்தால் இது யாருக்கு என்று தோன்றும், உடனே அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும், எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுவாள்.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் சாம்பல் நிறத்தில் நாலு நூல்கண்டு வாங்கி வந்து ஒன்றைத் தொடங்கினாள். ஒரு வாரத்தில் முழங்கை நீளம் வளர்ந்தது. பக்கத்து அறையில் குடியிருக்கும் சின்னப்பொண்ணு, கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவள், துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள். நல்ல பெண். வெள்ளந்தியாகப் பேசுவாள்.

"இன்னாக்கா பின்ற?"

முன்பு என்றால் சசிரேகா அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்து, யாருக்கு, எதற்கு, எந்த நினைப்பில் ஆரம்பித்தது என்று எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். இப்போது ஊசியை நிறுத்தாமல் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சும்மா பின்றேன்" என்றாள்.

சின்னப்பொண்ணு இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். சால்வையா, போர்வையா என்று கேட்டாள். யாராவது சொந்தக்காரர்களுக்கா என்றாள். சசிரேகா அதற்கும் சிரித்தாள். பதில் கிடைக்காது என்று தெரிந்ததும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சசிரேகா எழுந்து கதவைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்கார்ந்து, விட்ட கண்ணியிலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.